டீசல் பாயும் நேரம்

"எனக்கு இந்த வேலை வராது, மாஸ்டர்" என்றார் இன்னாசி. ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மாஸ்டர் பெர்னதெத்துக்கு முப்பத்தொன்று.

முழங்கால் தேய்ந்து கடல் தொழிலை விட்ட மனுஷனை அந்தக் கடற்கரையில் எந்த என்ஜின் பட்டறையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பெர்னதெத் மட்டும் தன் பட்டறையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் தினமும் அவளுக்கு முன்பே வந்து பட்டறையைக் கூட்டி வைப்பார்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"எங்க அண்ணன் கயத்தான் படகு என்ஜின்ல, டீசல் பம்புக்கு அடியில இருந்து ஒரு தகட்டை உருவிட்டேன். டீசல் கொஞ்சம் முந்திப் பாய்ஞ்சா வேகம் கூடும்னு நெனச்சேன்."

"கூடுச்சா?"

"மொத நாள் கூடுச்சு. அப்புறம் கடகடன்னு அடிச்சு, நடுக்கடல்ல பிஸ்டன் உடைஞ்சு போச்சு. அண்ணனும் நாலு பேரும் ரெண்டு நாள் மிதந்திருக்காங்க. வேற படகுக்காரங்க கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க."

பெர்னதெத் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். பட்டறை என்ஜினின் பம்பிலிருந்து குழாயைக் கழற்றினாள்.

"சக்கரத்தை மெதுவாச் சுத்துங்க. பம்பு வாயில டீசல் அசைஞ்சதும் நிறுத்துங்க."

அவர் சுற்றினார். டீசல் லேசாக மேலே எழும்பியது. நிறுத்தினார்.

"பிஸ்டன் எங்க நிக்குது?"

சக்கரத்தில் பிஸ்டனின் உச்சியைக் குறிக்கும் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"உச்சிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இதான் நேரம். இதுக்கு முந்துனா?"

"உள்ள காத்து போதுமான சூடு ஏறியிருக்காது. டீசல் உடனே பத்திக்காது."

"பத்திக்காம?"

"சேந்து கிடக்கும். அப்புறம் மொத்தமா வெடிக்கும்."

"பிந்துனா?"

"புகையாப் போயிரும். இழுவை இருக்காது."

"எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கு." அவள் கையைத் துணியில் துடைத்தாள். "நேத்து உங்க அண்ணன் இங்க வந்தாரே, என்ன சொன்னார்?"

"அவர் எங்க சொன்னார்? வாசல்ல காலை வைக்கும்போதே நான்தான், 'எம்மேல பழி போடாத, உன் பிஸ்டனே பழசு'ன்னு..."

இன்னாசி பாதியில் நிறுத்தி, சக்கரத்திலிருந்த கோட்டைப் பார்த்தார்.

பெர்னதெத் குழாயைத் திரும்ப மாட்டத் தொடங்கினாள்.

அவர் எழுந்தார். அவளைப் பார்த்துக் கை கூப்பினார். வெளியே நடந்தார்.

கயத்தான் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்தும் ஊசியை நிறுத்தவில்லை.

இன்னாசி எதிரே மணலில் உட்கார்ந்தார். தொண்டை வரை நாலு சமாதானம் வந்தது. விழுங்கினார்.

ஒரு வரிசைக் கண்ணி முடிந்தது. இன்னொரு வரிசை முடிந்தது.

"ஏலே" என்றார் கயத்தான். "அன்னைக்குப் படகுல ரெண்டு கேன் தண்ணி கூடுதலா ஏத்துனது நீதானே?"

"ஆமாண்ணே."

"அது இல்லேன்னா அஞ்சு பேரும் உசுரோட கரைக்கு வந்திருக்க மாட்டோம். அதைச் சொல்லத்தான் நேத்து வந்தேன்."