மூன்று நாள் மழை

"எத்தனை வகை எழுத்துதான் மேடம் இருக்கு? ஒரேயடியாச் சொல்லிடுங்க. ஒரு கும்பிடு போட்டுட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

கேட்டவள் அமலோற்பவம். மாணவி. வயது நாற்பத்தெட்டு.

கேட்டுக்கொண்டிருந்தவள் தில்லைநாயகி. வழிகாட்டிப் பேராசிரியை. வயது முப்பத்தைந்து.

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரி. சமூகவியல் துறை, மாலை வகுப்பு. மின்விசிறி சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை.

தில்லைநாயகி தலையைத் தூக்காமல் ஆய்வேட்டைப் புரட்டினாள். அமலோற்பவத்துக்கு அதெல்லாம் ஒரு தடையா?

"கட்டுரைன்னீங்க, எழுதினேன். சுருக்கம்னீங்க, சுருக்கினேன். ரொம்பச் சுருக்கிட்டீங்கன்னீங்க. அறிக்கைன்னீங்க, அதுல 'நான்'னு வரவே கூடாதுன்னீங்க. அப்புறம் அனுபவக் குறிப்புன்னீங்க, 'நான்' எங்கேன்னு கேட்டீங்க. முன்னாடி ஆராய்ச்சி பண்ணினவங்களை மதிப்பிடச் சொன்னீங்க. எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்கன்னு பெரிய மனசோட எழுதினேன். அதுக்கும் சிவப்புக் கோடு."

"ம்."

"இப்ப ஆய்வேடு. மூணாவது தடவையாத் திருப்பிக் குடுக்கறீங்க."

"நாலு வகைன்னு சொல்லுவாங்கக்கா."

"யாரு?"

"புத்தகம் போடறவங்க. இருக்கறதை இருக்கறபடி சொல்றது. பிரிச்சு அடுக்கிப் பார்க்கறது. வாதாடறது. குறை காண்றது."

"கடைசி ரெண்டும் எனக்குப் பிறவியிலயே உண்டு."

"தெரியும்கா."

முதல் நாளிலிருந்தே அப்படித்தான். மாணவி மேடம் என்பாள். பேராசிரியை அக்கா என்பாள். துறையில் எல்லோரும் சிரித்துச் சலித்து, சிரிப்பதை விட்டு நாலு வருஷமாகிறது.

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமையோடு அமலோற்பவம் பதிவு செய்து ஐந்து வருஷம் முடிகிறது. அதற்குள் தில்லைநாயகி கையெழுத்துப் போட்டால் ஆய்வேடு உள்ளே போகும். போடாவிட்டால் ஐந்து வருஷமும் குப்பைக்குப் போகும். மறுபடி பதிவு செய்ய விதி இல்லை.

"என்ன குறைன்னாவது சொல்லுங்க. வீட்டு வேலை செய்யற பெண்கள். அறுபது பேர். ஆளுக்கு இருபத்திரண்டு கேள்வி. வெயில்ல அலைஞ்சு கேட்டிருக்கேன். பதினாலாம் கேள்வியைப் பாருங்க. 'வேலை செய்யும் வீட்டில் உங்களுக்குத் தனி டம்ளரா?' அறுபது பேரும் இல்லைன்னுட்டாங்க. நூறு சதவீதம். இந்தத் துறையில யாருக்காவது நூறு வந்திருக்கா?"

தில்லைநாயகி அந்த அட்டவணையைப் பார்த்தாள். அமலோற்பவத்தைப் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கங்களுக்குப் போனாள்.

அறுபத்தேழாம் பக்கம். 'ஆய்வில் ஏற்பட்ட இடர்ப்பாடுகள்' என்று பெரிய தலைப்பு. அதன் கீழே ஒரே வரி.

மழை காரணமாக மூன்று நாட்கள் களப்பணி மேற்கொள்ள இயலவில்லை.

"எந்த மாசம் கேள்வி கேக்கப் போனீங்க?"

"போன மே."

தில்லைநாயகி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே காய்ந்த வேப்பமரம். அதற்கப்பால் சாலை. அதற்கும் அப்பால், கண்ணைக் கூசவைக்கும் வானம்.

"இந்த ஊர்ல. மே மாசத்துல. மூணு நாள்."

"அது எல்லாரும் எழுதறதுதானே மேடம்! கடைசியில ஏதாவது ஒரு இடர்ப்பாடு வேணும்ல. சீனியர் ஒருத்தி ஆய்வேட்டுல இருந்துது, எடுத்துக்கிட்டேன்."

"அவளுக்குப் பெஞ்சுதா?"

"அதை எப்படி நான் கேக்கறது?"

"நூலகத்துல இருக்கு. கேட்டுட்டு வாங்க."

ஆய்வேடு கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

*

செவ்வாய்க்கிழமை.

நூலக உதவியாளர் கோயில்பிச்சை, துறை ஆய்வேடுகள் இருக்கும் அலமாரியைத் திறந்துவிட்டார். எல்லாம் கறுப்பு ரெக்சின் அட்டை.

"எதைத் தேடுதீங்க?"

"மழையை."

"இங்கயா?" என்று கூரையைப் பார்த்தார் கோயில்பிச்சை. போன வருஷம்தான் ஒழுக்கு அடைத்தார்கள்.

சீனியர் ஆய்வேடு. மழை, மூன்று நாள்.

அதற்கு முந்தைய வருஷம். மருத்துவமனை செவிலியர் பற்றிய ஆய்வு. கட்டடத்துக்குள்ளே நடந்தது. மழை, மூன்று நாள்.

அதற்கும் முன்னால் ஒன்று. ஊரடங்கு வருஷம். ஒருத்தரும் வாசலைத் தாண்டவில்லை. கேள்விகள் மொத்தமும் போனில் கேட்டது. மழை காரணமாக மூன்று நாட்கள் களப்பணி மேற்கொள்ள இயலவில்லை.

"அடிப்பாவி," என்றாள் அமலோற்பவம், வாய்விட்டு.

கல்லூரி நூலகப் பயன்பாடு பற்றி ஒன்று இருந்தது. ஆய்வு நடந்ததே இந்த அறையில்தான். ஆய்வாளர் விடுதியில் தங்கியவள். அறையிலிருந்து நூலகத்துக்கு நாற்பது அடி. அவளுக்கும் மழை.

அமலோற்பவத்துக்குக் கை பரபரத்தது. நோட்டை எடுத்தாள். வருஷம், பெயர், தலைப்பு, இடம், மாதம் என்று கட்டம் போட்டாள். எந்த மாதத்தில் எந்த இடத்துக்குள் மழை பெய்தது என்று எழுதினாள். யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று அம்புக்குறி போட்டாள். பதினோரு வருஷமாக ஒரு துறையே ஒரே மழையில் நனைந்துகொண்டிருப்பது எவ்வளவு பெரிய வெட்கக்கேடு என்று இரண்டு பக்கம் எழுதினாள். இதில் கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றி மூன்று பக்கம். கோபம் ஏற ஏற எழுத்து அழகாகிக்கொண்டே போனது. கான்வென்டில் சிஸ்டர்கள் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டித் தட்டிப் பழக்கிய கையெழுத்து.

அடித்தட்டில், சுவரோரம், ஓர் ஆய்வேடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது.

இடர்ப்பாடுகள் பக்கத்தைப் புரட்டினாள். அதே தலைப்பு. அதே வரி. அதற்கு முந்தைய வருஷங்களில் எந்த ஆய்வேட்டிலும் மழை இல்லை.

முதல் பக்கத்துக்குப் போய்ப் பெயரைப் பார்த்தாள்.

மு. தில்லைநாயகி.

படாரென்று மூடினாள். கோயில்பிச்சை திரும்பிப் பார்த்தார்.

"கெடைச்சுதா?"

"வசமா."

*

புதன்கிழமை.

அமலோற்பவம் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். நூலகத்தில் எழுதிய ஒன்பது பக்கத்தை மேசையில் வைத்தாள். அதன்மேல் கறுப்பு ஆய்வேட்டை வைத்தாள். உட்காரவில்லை.

தில்லைநாயகி ஒன்பது பக்கத்தையும் படித்தாள். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. ஓர் இடத்திலும் அது இறங்கவில்லை. ஊரடங்கு வருஷம் வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் பேனாவை மூடினாள்.

"இது எந்த வகை எழுத்துக்கா?"

"வகையாவது ஒண்ணாவது! கோவத்துல எழுதினது. கடைசிப் பேரைப் பாருங்க மேடம். எங்களை எல்லாம் திருப்பி அனுப்பறீங்களே, அந்த மழையே உங்களோடதுதான்."

"ஆமாக்கா. எனக்கு மழை பெஞ்சுது."

அமலோற்பவம் கறுப்பு அட்டையை விரலால் தட்டினாள்.

"அடுத்த வரி படிச்சீங்களா?"

"எந்த அடுத்த வரி?"

தில்லைநாயகி ஆய்வேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். வரி இருந்தது. பதினோரு வருஷமாக எவளும் எடுத்துக்கொள்ளாத வரி.

பாத்திகளில் உப்பு கரைந்துபோனதால் அந்த மூன்று நாட்களும் தொழிலாளர்களுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை.

"சித்திரையில அடிச்ச மழை," என்றாள் தில்லைநாயகி. "அந்தத் தொழிலாளர்கள்ல எங்க அம்மாவும் ஒருத்தங்க."

மின்விசிறி சுற்றியது.

அமலோற்பவம் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எந்த மூணு நாள்கா?"

"எனக்கு ஒரு இடர்ப்பாடும் இல்லை மேடம். அறுபது பேரும் ஒழுங்காத்தான் பதில் சொன்னாங்க."

"சரிக்கா."

கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு இப்படி ஒரு சரி. அமலோற்பவம் விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது ஞாபகம் வந்தது. மே மாதம். உண்மையிலேயே ஒரு மூன்று நாள் அவள் களப்பணிக்குப் போகவில்லை. போக முடியவில்லை. வீட்டில் மலைபோல் பாத்திரம்.

வீட்டு வேலை செய்யும் சண்முகக்கனி அந்த மூன்று நாளும் வரவில்லை.

வராமல் போனதற்கு முந்தின நாள்தான் முதல் கேள்வித்தாளை நிரப்பினாள் அமலோற்பவம். அலைய வேண்டாமே என்று, வீட்டிலேயே இருந்தவளிடம் கேட்டு.

இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

*

வியாழக்கிழமை காலை.

சண்முகக்கனி பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"கனி, போன மே மாசம் நான் கேள்வி எல்லாம் கேட்டேனே. மறுநாளிலிருந்து மூணு நாள் நீ வரலை."

"காய்ச்சல்னு சொன்னேம்லாக்கா."

"காய்ச்சலா?"

கனி தேங்காய் நாரைக் கீழே போட்டாள்.

"இப்ப எதுக்கு அது?"

"எழுதணும். நாளைக்குக் கடைசி நாள்."

"எழுதவா, தெரிஞ்சுக்கிடவா?"

ஏட்டிக்குப் போட்டி பேசுவதில் ஊரில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அமலோற்பவத்துக்கு ஓர் எண்ணம் உண்டு. அன்று ஒன்றும் வரவில்லை.

"ரெண்டுக்கும்னு வச்சுக்கோ," என்றாள்.

"அந்த டம்ளர் கேள்விக்கு என்ன போட்டீங்க?"

"தனி டம்ளர் இல்லைன்னு. நீதானே சொன்னே."

"நான் எங்க சொன்னேன்? நான் சிரிச்சேன். நீங்க எழுதிக்கிட்டீங்க."

கனியின் தலைக்கு மேலே, குளியலறை ஜன்னல் கட்டையில், ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. மற்றவற்றோடு கலந்துவிடக்கூடாது என்று அமலோற்பவமே வைத்தது.

"அதுல காப்பி குடிச்சுக்கிட்டேதானக்கா சிரிச்சேன்."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதை நிறுத்தவில்லை.

"அப்புறம் ஏன் வரலை?"

"வீட்டுக்குப் போயும் சிரிச்சேன். எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். மறுநாள் கிளம்பும்போது சிரிப்பு வரலை. காலும் வரலை."

கனி நாரை எடுத்துக்கொண்டு மறுபடி துலக்க ஆரம்பித்தாள்.

அமலோற்பவம் உள்ளே போய் மற்ற ஐம்பத்தொன்பது தாள்களையும் தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் தோழிகள் வீடு, தெரிந்தவர் வீடு. எல்லா வீட்டிலும் வீட்டுக்காரி சோபாவில். கேள்வி பதினாலு வந்ததும் ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒருத்தி சோபாவைப் பார்த்தாள். இல்லை, இல்லை, இல்லை என்று அழகான கான்வென்ட் கையெழுத்தில் அறுபது தடவை எழுதியது யார்?

அந்த வியாழக்கிழமை கனிக்குக் காப்பி எந்த டம்ளரில் ஊற்றப்பட்டது என்பது ஆய்வேட்டில் இல்லை.

*

வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணி. அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும்.

பதினாலாம் கேள்வியின் அட்டவணை இருந்த இடத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது: 'அறுபத்தேழாம் பக்கம் காண்க.'

தில்லைநாயகி அறுபத்தேழாம் பக்கத்துக்குப் போனாள். மழை நின்றிருந்தது.

மே மாதத்தில் மூன்று நாட்கள் களப்பணி மேற்கொள்ள இயலவில்லை. என் வீட்டில் வேலை செய்யும் பெண் அந்த மூன்று நாட்களும் வரவில்லை. பதினான்காம் கேள்விக்கு அவர் சிரித்தார். நான் 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். அவருடைய டம்ளர் தனி. மற்ற ஐம்பத்தொன்பது பேரிடமும், அவர்கள் வேலை செய்யும் வீட்டுக்காரர் எதிரில் இருக்கும்போதே கேட்டேன்.

"'நான்' வந்திருக்கேக்கா."

"வந்திருக்கு."

"நூறு சதவீதம் போச்சு."

"போகட்டும்."

தில்லைநாயகி சிவப்புப் பேனாவை ஒதுக்கிவிட்டு நீலப் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். ஆனால் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

"வைவாவுல கேள்வி கேக்க வெளியூர்லேர்ந்து வர்றவர் பொல்லாத மனுஷன். இந்தப் பக்கத்தைத்தான் முதல்ல திறப்பார். நாலு பேர் முன்னாடி, 'ஏம்மா, உங்க வீட்லயே தனி டம்ளரா?'ன்னு கேப்பார்."

அமலோற்பவம் கையை நீட்டி ஆய்வேட்டை வாங்கிக்கொண்டாள்.

"கேக்கட்டும் மேடம். நான் சிரிக்க மாட்டேன்."