பெட்டியும் பாயசமும்

ஒரு காலத்தில் மருதூர் நாட்டைக் கங்காதர பூபதி என்கிற ராஜா ஆண்டுவந்தான். காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துவிடுகிற ராஜா.

அந்த ஊரில் செக்காட்டுகிறவர்கள் சேர்ந்து ஒரு பொதுப்பெட்டி வைத்திருந்தார்கள். வசதிப்பட்டபோது பணம் போடுவார்கள், கஷ்டம் வந்தால் கடன் எடுப்பார்கள். பெட்டியைக் காக்க ஒருவர். வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி எடுத்த இருவர், ஊர் முன்னால் அதைத் திறந்து சோதிப்பார்கள். காப்பவர் யாரானாலும் இந்தச் சோதனை உண்டு.

அரசவைப் பிரபு விருத்தகிரிக்கு அந்தப் பெட்டிமேல் ஒரு கண். ராஜாவைக் குளிரவைத்துக் காவல் பதவியை வாங்கினான். அதோடு விட்டானா?

"பிரபோ! செக்காட்டுகிறவர்கள் என்னைச் சோதிப்பதா? என்னை நானே சோதித்துக்கொள்கிறேனே!"

"பேஷ்! வேலை மிச்சம்" என்றான் ராஜா.

கொஞ்ச நாளில் பூங்காவனம் என்பவளின் செக்குமாடு செத்துப்போயிற்று. மாடில்லாமல் செக்கு ஓடாது, செக்கு ஓடாமல் அடுப்பு எரியாது. கடன் கேட்டுப் போனாள்.

"பெட்டி நன்றாக இருக்கிறது. நானே பார்த்தேன். நீ அப்புறம் வா" என்றான் விருத்தகிரி. எத்தனை தடவை போனாலும் இதே பதில்.

அழுதுகொண்டு மந்திரி செவ்வந்தியப்பரிடம் வந்தாள். "எம் பிள்ளைங்க பட்டினிங்க, சாமி."

மறுநாள் ராஜா சாப்பிட உட்கார்ந்தான். பாயசக் கிண்ணம் வந்தது. முதலில் ருசி பார்த்து, விஷமில்லை என்று சொல்கிற ஆளைக் காணோம்.

"அவனை நிறுத்திவிட்டேன், அரசே. சமையற்காரரைச் சந்தேகப்படலாமா? சமைத்தவரே ருசி பார்த்து 'நல்லது' என்று சொல்லிவிட்டார்" என்றார் மந்திரி.

ராஜாவின் கை பாதியில் நின்றது. "யோவ், என் உயிரோடு விளையாடுகிறீரா?"

"பொதுப்பெட்டிக்கு இந்த ஏற்பாட்டைத்தானே பேஷ் என்றீர்கள்?"

"அது வேறு, இது வேறு!"

"ஆமாம் அரசே. அது அவர்கள் உயிர், இது உங்கள் உயிர்."

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊர் முன்னால் பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஒரு பல்லி மட்டும் இருந்தது. பணமெல்லாம் விருத்தகிரியின் மச்சினனுக்குக் குதிரையாகவும் மருமகனுக்கு மாடிவீடாகவும் மாறியிருந்தது.

"எல்லாவற்றையும் விற்றுப் பெட்டியை நிரப்பு! பூங்காவனத்துக்கு மாடு வாங்குகிறவரை அவள் செக்கை நீயே சுற்று!" என்றான் ராஜா. விருத்தகிரி பட்டு வேட்டியோடு செக்கைச் சுற்றினான். ஊரே வேடிக்கை பார்த்தது.

பெட்டி நிரம்பியதும் மந்திரிக்கு முத்துமாலை போட்டு, "இனி பெட்டிக்குக் காவல் நீர்தான்" என்றான் ராஜா.

அடுத்த வருஷம், ராஜாவும் ஊரும் கூடியிருக்க, சீட்டுக் குலுக்கினார்கள். சோதிக்கிறவர்களில் ஒருத்தியாகப் பூங்காவனத்தின் பெயரும் வந்தது.

அவள் மந்திரியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு சொன்னாள்: "சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பெட்டியைப் பார்க்கணும்."

ராஜா பதறினான். "அடி பெண்ணே! உனக்கு நல்லது செய்தவரையா சோதிக்கிறாய்?"

"நல்லவருன்னு நான் சொல்றேனுங்க. பெட்டியும் சொல்லட்டுமே!"

மந்திரி வாய்விட்டுச் சிரித்தபடி தள்ளி நின்றார்.