ஐம்பத்தைந்து பவுண்டு டென்ஷன்

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஊசிப்பாளையம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் நாச்சிமுத்து என்று ஒருவர். அவரை முட்டாள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவரை முட்டாள் என்றால், பிறகு நல்ல மனுஷன் என்று யாரைச் சொல்வது? ‘சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மாத்திரை போடுங்க’ என்று டாக்டர் சொன்னார் என்பதற்காக, வேளாவேளைக்குத் தட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டவர் அவர். வியாதியும் குணமாகிவிட்டது.

அவரோடு ஒரே வீட்டில், மனைவி மகளைத் தவிர, இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அவர் தம்பி திருமூர்த்தி. இன்னொருவர் மனைவியின் அண்ணன் சென்னியப்பன். மூன்று பேருக்கும் முகம் வேறு வேறு, புத்தி ஒரே அச்சு.

நாச்சிமுத்துவின் மகள் கனிஷ்கா டென்னிஸ் ஆடுகிற பெண். கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் சிநேகிதியும் சேர்ந்து ஆடுகிற டபுள்ஸ் இறுதி ஆட்டம். சனிக்கிழமை, நரம்பு அறுந்த இரண்டு பேட்டுகளையும் அப்பா கையில் கொடுத்தாள்.

“அப்பா, டவுன் கடையில குடுத்து நரம்பு கட்டி வெச்சிருங்க. நாளைக்கு இது ரெண்டும் இல்லைன்னா நான் செத்தேன்.”

சொல்லிவிட்டு அம்மாவோடு ஓட்டப் பயிற்சிக்குப் போய்விட்டாள். நாச்சிமுத்து இரண்டு பேட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பேட்டு இல்லையென்றால் பிள்ளை உயிரோடு இருக்காது என்று அதன் வாயாலேயே கேட்ட தகப்பன் எப்படி இருப்பான்? டவுனுக்கு ஓடினார். கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் திருப்பதிக்குப் போயிருந்தார்.

அப்போதுதான் வீட்டில் கிடந்த மெஷின் ஞாபகம் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு கிளப்பை மூடும்போது, யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்த நரம்பு கட்டும் மெஷின். வந்த நாளிலிருந்து போர்வை போர்த்திக்கொண்டு மூலையில் நின்றது. சென்னியப்பன் கயிற்றுக் கட்டில் பின்னுவதில் கெட்டிக்காரர். பேட்டும் குறுக்கு நெடுக்குப் பின்னல்தானே என்று உட்கார்ந்தார். ஆனால் மெஷின் நரம்பைப் பிடிக்கவில்லை. இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது.

அந்தக் கிளப்பில் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த பெஞ்சமினுக்குப் போன் போட்டார்கள். அவர் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். கையிலும் பொத்தான் போன்தான். காதால் கேட்டுத்தான் வைத்தியம் பார்க்க முடியும்.

“பெரிய கோளாறு ஒண்ணும் இருக்காதுங்க,” என்றார் பெஞ்சமின். “வீட்டுலயே சரி பண்ணிரலாம். ஆனா ஒண்ணு. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. சொல்லாததைச் செஞ்சிராதீங்க.”

“அது எங்களுக்குப் பழக்கந்தானுங்க,” என்றார் நாச்சிமுத்து.

“முதல்ல ஒருத்தர் மெஷினைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. விட்றாதீங்க.”

திருமூர்த்தி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப மேல்மூடியைக் கழட்டுங்க. திருகாணி சின்னது, உருண்டு ஓடிரும். ஒவ்வொண்ணும் கண்ணுல படற மாதிரி வெச்சுட்டுச் சொல்லுங்க.”

சென்னியப்பன் முதல் திருகாணியைக் கழற்றினார். அதில் பழைய எண்ணெய் பிசுபிசுத்தது. பயபக்தியோடு வலது கண்ணில் ஒற்றினார். அடுத்ததை இடது கண்ணில் ஒற்றினார். மூன்றாவதுக்குக் கண் இல்லாததால், நாச்சிமுத்துவின் கண்ணைக் கடன் வாங்கினார்.

“எல்லாம் கண்ணுல பட்டுச்சுங்களா?” என்றது போன்.

“பட்டுச்சுங்க. எரியுதுங்க.”

பெஞ்சமினுக்கு அது விளங்கவில்லை. மெஷின் வேலையில் விளங்காததை விட்டுவிட்டு மேலே போவது அவர் வழக்கம். “சரி, இப்ப முக்கியமான வேலை. பல்லு பூரா அழுக்கேறி இருக்கும். அதான் பிடிப்பு இல்லை. நல்லாப் பல்லைத் தேய்ச்சுட்டு, கழுவிட்டு, அப்புறம் கூப்பிடுங்க,” என்று வைத்துவிட்டார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதியம் மூன்று மணி.

“காத்தால தேய்ச்சமே மாப்ளே,” என்றார் சென்னியப்பன் மனத்தாங்கலோடு.

“போன்ல வாசம் போயிருக்குமோ?” என்றார் திருமூர்த்தி.

நாச்சிமுத்து யோசித்தார். “வாசம் போகாது தம்பி. ஆனா மெஷினுங்கறது சாமி மாதிரி. ஆயுத பூஜைக்கு நாம குளிக்காமயா கும்புடறோம்? சுத்தபத்தமா இருந்தாத்தான் அது கேக்கும். பெரியவரு காரணமில்லாமச் சொல்ல மாட்டாரு.”

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. நாச்சிமுத்துவும் சென்னியப்பனும் கிணற்றடிக்குப் போய் ஈறு சிவக்கச் சிவக்கத் தேய்த்தார்கள். திருமூர்த்தி மட்டும் வர முடியாது. மெஷினை விடச் சொல்லி உத்தரவில்லை. ஆகவே அவரை ஆவென்று வாயைத் திறக்கச் சொல்லி, சென்னியப்பனே தேய்த்துவிட்டார். கொப்புளித்ததைத் துப்ப ஓர் அண்டாவைப் பிடித்தார் நாச்சிமுத்து.

மறுபடி போன் போட்டார்கள்.

“தேய்ச்சாச்சுங்களா? பளிச்சுனு இருக்குதா?”

“முகமே தெரியுதுங்க.”

“ரொம்ப நல்லது. இனி டென்ஷன் ஏத்திப் பாக்கணும். ஐம்பத்தஞ்சு பவுண்டு வேணும். மெல்ல மெல்ல ஏத்துங்க. டபக்குனு ஏத்துனீங்கன்னா நரம்பு அறுந்துரும். ஏறுனதும் கூப்பிடுங்க.”

யாருக்கு ஏற்றுவது என்பதுதான் கேள்வி. திருமூர்த்தி பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவருக்கு ஏற்றினால் மெஷின் ஆடும். சென்னியப்பனுக்கு டென்ஷன் வந்து யாரும் பார்த்ததில்லை. அவர் கல்யாணத்தன்று தாலியைக் காணோம் என்று மண்டபமே அல்லோலகல்லோலப்பட்டபோது, அவர் இரண்டாவது பந்தியில் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மெஷின் யாருதோ, டென்ஷனும் அவருக்குத்தானுங்க,” என்று தீர்ப்புச் சொன்னார் சென்னியப்பன். “நீங்க உக்காருங்க மாப்ளே.”

மகளுக்காக நாச்சிமுத்து உட்கார்ந்தார். ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினின் பட்டையை அவர் கையில் சுற்றினார்கள். பிறகு சென்னியப்பன் வேலையை ஆரம்பித்தார்.

முதலில் பட்டப்பகலில் வாசல் லைட்டைப் போட்டார். நாச்சிமுத்துவின் கண் சுவிட்சிலேயே நின்றது. அடுத்து யாருமில்லாத அறைகளில் எல்லாம் ஃபேனைச் சுழல விட்டார். நாச்சிமுத்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். கரண்டுக் காசு கண்ணெதிரே காற்றாய்ப் பறந்தது. பிறகு மோட்டார் ஓடியது. மேலே டேங்க் நிறைந்து, மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் சளசளவென்று கொட்டியது.

“மச்சா, போதும்…”

“மெல்ல மெல்ல ஏத்தச் சொல்லியிருக்காரு மாப்ளே. பொறுங்க.”

கடைசியாக சென்னியப்பன் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தார். அகலத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் எடுக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தட்டாக நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அரைக்கட்டு கொத்தமல்லியை எடுத்து மோந்து பார்த்துத் திரும்ப வைத்தார். கதவை மூடவில்லை.

நாச்சிமுத்துவுக்குக் காது சுட்டது. நெற்றியில் ஒரு நரம்பு கயிறாகப் புடைத்தது. “மூட்றா கதவை!” என்று வாழ்க்கையில் முதல்முறையாக மச்சானை ‘டா’ போட்டுக் கத்தினார்.

“ஏறிப்போச்சு!” என்று குதித்தார் சென்னியப்பன். ரத்த அழுத்த மெஷினின் பொத்தானை அமுக்கினார். அது உறுமிவிட்டு எண்களைக் காட்டியது. மேலே நூற்று எழுபத்திரண்டு. கீழே தொண்ணூற்றெட்டு. நாடித்துடிப்பு நூற்றுப்பத்து.

மூவருக்கும் முகம் சுருங்கியது. “ஐம்பத்தஞ்சையே காணமே,” என்றார் திருமூர்த்தி, மெஷினை விடாமல் எட்டிப் பார்த்து. “அதிகமாயிருச்சோ? அண்ணன் அறுந்துருவாரோ?”

சென்னியப்பன் விரல் விட்டு எண்ணினார். “இருங்க. கடைசி நம்பரு நூத்திப்பத்து. நம்மகிட்ட எத்தனை பேட்டு?”

“ரெண்டு.”

“அப்ப ஒரு பேட்டுக்கு எவ்வளவு?”

திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐம்பத்தஞ்சு மாமா! சரியா ஐம்பத்தஞ்சு!”

சந்தோஷத்தில் நாச்சிமுத்துவுக்குக் கோபம் தணியப் பார்த்தது. “தணிய விட்றாதீங்க மாப்ளே!” என்று சென்னியப்பன் ஃப்ரிட்ஜ் கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“டென்ஷன் ஏறிருச்சுங்க.”

“அட, பரவால்லையே! நரம்பு எப்படி நிக்குது?”

“நல்லா விறைப்பாப் புடைச்சுக்கிட்டு நிக்குதுங்க.”

“அதான் வேணும். அப்படியே கொண்டுபோய், இடுக்கி மாதிரி இருக்கற கிளாம்ப்புல கடிக்க விட்டு, இழுத்துப் பாருங்க.”

நாச்சிமுத்துவின் தலையை மெஷின்மீது சாய்த்தார்கள். நெற்றி நரம்பைக் கிளாம்ப்புக்குள் நுழைக்க எவ்வளவோ பாடுபட்டும் முடியவில்லை. அது தோலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. “பக்கத்துல நரம்பு மாதிரி வேற என்ன இருக்குதோ அதைக் கடிக்க விடுங்க மாமா,” என்றார் திருமூர்த்தி. இருந்தது மீசை. இருபது வருஷமாக எண்ணெய் போட்டு வளர்த்த மீசை. அதன் வலது பக்கத்தைக் கிளாம்ப்பில் கடிக்க விட்டு, சென்னியப்பன் கைப்பிடியைச் சுழற்றினார்.

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு மகளை நினைத்தார். மேலுதடு மூக்கைத் தாண்டிப் போனது. மெஷின் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் அன்றைக்கு அவர் பாதி மீசையோடுதான் நின்றிருப்பார். நல்லவேளை, அது கெட்டுப்போன மெஷின். மீசை வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

“வழுக்குதுங்க,” என்றார் சென்னியப்பன் போனில்.

“எப்படி வழுக்கும்? பல்லைத் தேய்ச்சீங்கதானே?”

“மூணு பேரும் தேய்ச்சமுங்க. திருமூர்த்திக்கு நானே தேய்ச்சு விட்டனுங்க.”

 பெஞ்சமின், ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரிச் சொன்னார். “மெஷினோட பல்லுங்க. கிளாம்ப்புக்குள்ள சின்னச் சின்னதா இருக்குது பாருங்க, அந்தப் பல்லு.”

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். இருந்தது. அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது.

“பாவம், எத்தனை வருஷமாத் தேய்க்காம இருக்குதோ,” என்றார் நாச்சிமுத்து.

திருமூர்த்தியின் பிரஷ்ஷிலேயே பேஸ்ட்டை வைத்து, கிராம்பு வாசம் வருகிற வரைக்கும் தேய்த்தார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் துடைத்தார்கள். நரம்பை வைத்து இழுத்தால், உடும்பு பிடித்தது மாதிரிப் பிடித்துக்கொண்டது! மெஷின் பக்கத்திலேயே ஒரு குமிழ் இருந்தது. அதில் ஐம்பத்தைந்து என்றும் எழுதியிருந்தது. அதற்கு நேராகத் திருகினால் போதும் என்றார் பெஞ்சமின். திருமூர்த்தியை விடச் சொல்லியும் உத்தரவு வந்தது. அவர் கை இரண்டும் மடங்கியபடியே கொஞ்ச நேரம் காற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன.

சென்னியப்பன் கட்டில் பின்னிய கை அல்லவா? நெடுக்கில் ஓட்டி, குறுக்கில் நுழைத்து, பொழுது சாய்வதற்குள் முதல் பேட்டை முடித்துவிட்டார். தட்டினால் வீணை மாதிரி ‘டிங்’ என்றது. நாச்சிமுத்து அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைக்கு ஆயுசு கெட்டி.

“கட்டி முடிச்சாச்சுங்க,” என்று பெஞ்சமினுக்குச் சொன்னார்.

“சந்தோஷமுங்க. இனி வெளியே நீட்டிட்டு இருக்கறதை ஒட்ட வெட்டி விட்டுருங்க. பிசிறு இல்லாம இருக்கணும்.”

மூவரும் பேட்டைச் சுற்றி வந்து பார்த்தார்கள். வட்டம் வட்டமாக அழகாக இருந்தது. நரம்பின் நுனிகளைச் சென்னியப்பன் கட்டில் பின்னல் மாதிரி உள்ளேயே செருகியிருந்ததால், அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். இரும்பறுக்கும் பிளேடை எடுத்துவந்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, கைப்பிடியை ஒட்ட அறுத்தார்கள். பிசிறு இல்லாமல் உப்புத்தாளும் போட்டார்கள்.

“வெட்டியாச்சுங்களா? மிச்சம் எவ்வளவு வந்துச்சு?” என்றார் பெஞ்சமின்.

“முக்கா முழத்துக்கு மேல வந்துதுங்க.”

“அவ்வளவா? தூக்கிப் போட்றாதீங்க. அடுத்த பேட்டுல சேர்த்துக் கட்டிக்கலாம்.”

அதையும் செய்தார்கள். இரண்டாவது பேட்டைப் பின்னி முடித்து, அதன் தலைமாட்டில் இந்தக் கைப்பிடியை வைத்து, நரம்பால் இறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றினார்கள்.

ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குக் கனிஷ்கா வந்தாள். வாசலில் தண்ணீர், லைட்டு. உள்ளே ஃபேன், திறந்த ஃப்ரிட்ஜ். நடுவில் மேஜைமேல், விபூதி பூசிப் பூ வைத்த இரண்டு பேட்டுகள். அவள் இரண்டு பக்கமும் பிடி வைத்ததைக் கையில் எடுத்தாள். இந்தப் பிடியைப் பார்த்தாள். அந்தப் பிடியைப் பார்த்தாள்.

“இது என்னப்பா?”

“நாளைக்கு உனக்கு டபுள்ஸ்தானே சாமி?” என்றார் நாச்சிமுத்து. “ஒரு பக்கம் நீ பிடிச்சுக்க, ஒரு பக்கம் உன் சிநேகிதி பிடிச்சுக்கட்டும்.”

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மீசை வலது பக்கம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்துவிட்டாள். சிநேகிதியிடம் ஒரு பேட்டு கூடுதலாக இருந்தது. மறுநாள் அதை வாங்கித்தான் ஆடினாள். ஜெயித்தும்விட்டாள்.

கோப்பை கொடுத்து முடிந்து, கூட்டம் கலைகிற நேரம். நாச்சிமுத்து மடியிலிருந்த துண்டுப் பொட்டலத்தோடு எழுந்து, மெதுவாக நடந்து, உயரமான நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அம்பயரின் எதிரே போய் நின்றார். துண்டை விரித்து, கைப்பிடி இல்லாத வட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

அம்பயர் அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “என்னங்க இது?”

“உங்க பேட்டுங்க,” என்றார் நாச்சிமுத்து பணிவாக. “நீங்க சும்மா உக்காந்துதானே இருக்கறீங்க, அதான் பிடி வைக்கலீங்க.”