டெம்போ குறையாத குழு

உடுமலைப்பேட்டையில் அருமைநாயகம் என்றொரு சாக்ஸபோன்காரர் இருந்தார். இருபத்தோரு வருஷமாகக் கல்யாண ரிசப்ஷன்களில் வாசித்தவர். அவர் வாசிக்கிற நேரத்தில் ஜனம் பூராவும் பந்தியில் இருக்கும். அந்த வருத்தம் அவருக்கு நிறைய உண்டு. அவர் குழுவில் இன்னும் மூன்று பேர்: டிரம்ஸ் தொட்டண்ணன், கிடார் குழந்தைவேலு, கீபோர்டு சிகாமணி. மூவரும் அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று இருப்பவர்கள். அண்ணனோ, யார் எதைச் சொன்னாலும் சொன்னதுதான் என்று இருப்பவர்.

இந்த நால்வருக்கும் சினிமா வாய்ப்பு வந்தது. டைரக்டர் நிரஞ்சன் கார் ரேஸ் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எப்போதும் கழுத்தில் ஹெட்போன் தொங்கும். அது காதுவரை ஏறி யாரும் பார்த்ததில்லை.

"எழுபதுகள்ல ஓட்டல் லவுஞ்சுல வாசிப்பாங்களே, அப்படி ஒரு மியூசிக் வேணும். கார் பறக்கணும், மியூசிக் சோபாவுல சாஞ்சு கிடக்கணும். புரியுதா?"

"நல்லாப் புரியுதுங்க" என்றார் அருமைநாயகம்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ட்ராக். டெம்போ மட்டும் குறையவே கூடாது. குறைஞ்சா வேற ஆளைப் பார்த்துருவேன்."

அருமைநாயகம் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அப்புறம் குழுவைக் கூட்டினார்.

"ட்ராக்குன்னா ரேஸ் ஓடற இடந்தானுங்ணா?" என்று கேட்டான் குழந்தைவேலு.

"பின்னே, கார் படத்துக்கு ரயில் ட்ராக்குக்கா கூப்பிடுவாங்க?"

"டெம்போ குறையக் கூடாதுங்கறாரே. நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதானே இருக்குது?"

அருமைநாயகம் வெகுநேரம் கணக்குப் போட்டார். "ஒண்ணுல குறைஞ்சாத்தானே தப்பு? நாம ஒண்ணையும் முழுசாக் கொண்டு போயிருவோம்."

தெரிந்த கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற சிவப்பு சோபாவைக் கேட்டு வாங்கி, அருமைநாயகத்தின் டெம்போ வேனில் ஏற்றினார்கள்.

மறுநாள் ரேஸ் மைதானத்தில் உதவி டைரக்டர் பொறுப்பில் படப்பிடிப்பு. சோபாவைப் பார்த்ததுமே வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். சினிமாக்காரர்கள் அதுவரை கொண்டுவந்ததை எல்லாம் பார்த்தவர், சோபாவுக்கா அசருவார்?

பத்து மணிக்கு ரெக்கார்டிங் ஸ்டூடியோவின் மாடியிலிருந்து டைரக்டர் போன் செய்தார். "எங்கய்யா இருக்கீங்க?"

"ட்ராக்லதானுங்க."

"ஓ, கீழே ஆரம்பிச்சாச்சா? போன்லயே போடுங்க, கேக்கறேன்."

நால்வரும் சோபாவில் சாய்ந்துகொண்டு வாசித்தார்கள். தொட்டண்ணனுக்குப் படுத்த வாக்கில் டிரம் எட்டவில்லை, வயிற்றிலேயே தட்டிக்கொண்டான்.

"கீ சரியில்லையே! கீயை மாத்துங்க!"

அருமைநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆறு ரேஸ் கார்கள் வரிசையாக நின்றன. ஆறிலும் சாவி தொங்கியது. ஓட்டுகிறவர்கள் எல்லாரும் கேரவனில் மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணை மட்டும் மாத்தினாப் போதாதுங்களா?" என்றான் சிகாமணி.

"ஒண்ணை எப்படிடா மாத்துவே? இது அங்க போனா, அது இங்க வந்துதானே ஆகணும்?"

ஆறு சாவியையும் மாற்றிப் போட்டார்கள். திரும்பி வந்து அதே மெட்டை, ஒரு ஸ்வரம் பிசகாமல், அப்படியே வாசித்தார்கள்.

"ஆஹா! இப்பத்தான்யா கீ கரெக்ட்!" என்றார் டைரக்டர். "இனி டெம்போவை ஏத்துங்க. நிறுத்தாம விடுங்க!"

சிகாமணி ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தான். அவனுடைய கீபோர்டு, பட்டனைத் தட்டிவிட்டால் தானே வாசித்துக்கொள்ளும், கல்யாணங்களிலும் அப்படித்தான். பின்னால் தொட்டண்ணன், அவனுக்கும் பின்னால் குழந்தைவேலு, கடைசியில் வண்டியின் பின்பலகையோரம் சோபாவில் அருமைநாயகம். டெம்போ ட்ராக்கில் ஏறவும், உதவி டைரக்டர் "ஆக்‌ஷன்!" என்று கத்தவும் சரியாக இருந்தது. ஆறு வீரர்களும் சாவியைத் திருகினார்கள். ஒரு காரும் உறுமவில்லை.

எல்லைக்கோட்டில் கொடிக்காரர் நின்றிருந்தார். "முதல்ல வர்ற வண்டிக்குக் கொடியை ஆட்டு. நீயா எதையும் யோசிக்காதே" என்று சொல்லி நிறுத்தியிருந்தார்கள். அவர் யோசிக்கவில்லை. டெம்போவுக்குக் கொடி ஆடியது. கதாநாயகியும் ஓடிவந்து கோப்பையை நீட்டினார்.

யார் வாங்குவது என்று பேச்சு வந்தது.

"கோட்டை முதல்ல தாண்டினது நானுங்க" என்றான் சிகாமணி. "ஸ்டியரிங் முன்னாடியில்ல இருக்குது?"

"ரெண்டாவது நானு" என்றான் தொட்டண்ணன்.

"அப்ப மூணாவது நானுங்க" என்றான் குழந்தைவேலு.

அருமைநாயகத்தின் முகம் சுண்டிப்போனது. குழுவுக்குத் தலைவர், தன் சொந்த வண்டியில் கடைசியாக வந்திருக்கிறார். ஊரில் போய் என்ன சொல்லுவது? சட்டென்று நிமிர்ந்தார்.

"இன்னொரு ரவுண்டு போலாம். இந்த வாட்டி ரிவர்ஸ்ல!"

பின்னோக்கியே ஒரு சுற்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆறு கார்களின் பானட்டுக்குள்ளும் மெக்கானிக்குகள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். கோடு நெருங்கியதும் அருமைநாயகம் பலகைக்கு வெளியே சாக்ஸபோனை நீட்டி, கண்ணை மூடி, உருகி வாசித்துக்கொண்டே கடந்தார். கொடி மறுபடியும் ஆடியது.

அவர் கோப்பைக்குக் கை நீட்டினார். சிகாமணி தடுத்தான்.

"மன்னிக்கோணும்ணா. கோட்டை முதல்ல தாண்டினது நீங்க இல்லீங்க. சாக்ஸபோன்."

மற்ற இருவரும் குனிந்து, சாக்ஸபோன் எவ்வளவு தூரம் வெளியே நீண்டிருக்கிறது என்று சாண் வைத்து அளந்தார்கள். சந்தேகமே இல்லை. ஒன்றேகால் சாண் வித்தியாசத்தில் சாக்ஸபோன் ஜெயித்திருந்தது.

அருமைநாயகம் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. கோப்பையைச் சாக்ஸபோனிடம் கொடுத்துவிட்டு, நான்கடி தள்ளி நின்று, எல்லோருக்கும் முன்னால் பெருந்தன்மையாகக் கை தட்டினார்.