மடையான் மடித்து வைத்த வெள்ளை

பறவைகளும் மாடுகளும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது கொக்குகளில் வகை கிடையாது. எல்லாக் கொக்கும் தலை முதல் வால் வரை வெள்ளை. எல்லாவற்றுக்கும் கொக்கு என்று ஒரே பெயர்.

கூவலூர்க் கண்மாய்க்குக் கொக்குகள் வந்தது ஒரு பஞ்ச வருஷத்தில். அதற்கு முன்பு அங்கே கொக்கே இல்லை. கண்மாய் தாழைக்கோழிகளுடையது. நீல உடம்பும் சிவந்த அலகும் கொண்ட அந்தப் பறவைகள் எத்தனையோ தலைமுறையாகக் கோரைப் புதர்களுக்குள் வாழ்ந்துவந்தன. மழை பெய்தாலும் பொய்த்தாலும் அவை இடம் பெயர்ந்ததில்லை. அதனால் கண்மாயில் யார் எங்கே தங்கலாம் என்று சொல்லும் உரிமை அவற்றிடம் இருந்தது. அவற்றின் தலைவர் பெயர் கோரையப்பன்.

முதலில் மேற்கேயிருந்து ஒரு கூட்டம் வந்தது. எருமை மந்தை ஒன்று புல் தேடிக் கிழக்கே நடந்தபோது, அதன் முதுகில் உட்கார்ந்தும் காலடியில் நடந்தும் இந்தக் கொக்குகள் கூடவே வந்துவிட்டன. கிழடு, குஞ்சு, சம்பந்தி வரை ஒருவர் குறையாமல் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பேசியவள் சங்காயி.

பத்து நாள் கழித்துக் கிழக்கேயிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. அவர்கள் கடலோரத்து உப்பங்கழிக் கொக்குகள். புயலில் மரங்கள் சாய்ந்து, கூடுகளெல்லாம் தண்ணீரில் போய்விட்டன. உயிர் தப்பியவர்கள் இரண்டு மூன்று பேராக, ஒருவரையொருவர் தேடிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குத் துணை இல்லை. குஞ்சு யாரிடமும் இல்லை. அவர்களில் இருளப்பன் என்பவன்தான் கோரையப்பனிடம் இடம் கேட்டான்.

"மரம் நிறைய இருக்கு. தங்கிக்கிடுங்க" என்றார் கோரையப்பன். கெட்டவர் இல்லை. இரண்டு கூட்டமும் கண்மாய்க்குள் தண்ணீரில் நின்ற கருவேல மரங்களில் இறங்கின. யார் எந்த மரம் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று வருஷம் போனது. கோரையப்பனுக்கு எதையும் கவனித்துப் பார்க்கும் குணம் உண்டு. சில கூடுகளில் மூன்று குஞ்சு கத்துவதையும், சில கூடுகளில் ஒன்றுகூட இல்லாததையும் அவர் பார்த்தார். எல்லாரும் ஒரே வருஷத்தில்தான் வந்தார்கள். ஒரே தண்ணீர், ஒரே மரம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தார். ஆனால் எண்ணுவதில் ஒரு சிக்கல் இருந்தது. எந்தக் கொக்கு மேற்கத்தி, எந்தக் கொக்கு கிழக்கத்தி என்று வெளியே பார்த்தால் தெரியவில்லை.

அவர் இருளப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க ஆளுங்களை எல்லாம் கரைச் சேத்துல ஒரு தடவை புரண்டு எழுந்திரிக்கச் சொல்லு."

"எதுக்குங்க ஐயா?"

"எண்றதுக்குத்தான். யாரு எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தானே எதாவது செய்ய முடியும்? இதுல உங்களுக்குக் கெடுதல் ஒண்ணும் இல்லையே."

இருளப்பன் கொஞ்ச நேரம் யோசித்தான். இடம் கொடுத்தவர் கேட்கிறார். சேறுதானே, கழுவினால் போய்விடும். கிழக்கத்திக் கொக்குகள் வரிசையாகச் சேற்றில் இறங்கின. சிறகை இறுக்கி மடித்துக்கொண்டு புரண்டதால், கழுத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் கோடு கோடாகச் சேறு அப்பியது. சிறகுக்குள்ளே மட்டும் சேறு போகவில்லை.

கோரையப்பன் மரம் மரமாக நடந்து எண்ணினார். ஒரு கூட்டைக்கூட விடவில்லை. மேற்கத்திகளின் பத்துக் கூட்டுக்கு இருபத்தெட்டுக் குஞ்சு. சேறு பூசியவர்களின் பத்துக் கூட்டுக்குப் பதினொரு குஞ்சு. பிறகு பகலில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். மேற்கத்திகள் விடிந்தது முதல் எருமையின் பின்னால் நடந்து, குளம்பு பட்டுத் துள்ளும் வெட்டுக்கிளியையும் மாட்டின் மேலிருக்கும் உண்ணியையும் கொத்தித் தின்றார்கள். கிழக்கத்திகள் தண்ணீரோரம் அசையாமல் நின்றார்கள்.

சபை கூட்டிக் கோரையப்பன் சொன்னார்: "இவங்க நடக்கிறாங்க. அவங்க நிக்கிறாங்க. வித்தியாசம் அம்புட்டுத்தான். ரெண்டு பேரும் வெறுங்கையோட வந்தவங்கதான். சங்காயி கூட்டத்தைப் பார்த்து மத்தவங்க கத்துக்கிடணும்."

சங்காயிக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. வந்த ஊரில் பெயர் எடுப்பது சின்ன விஷயமா? அன்று அவள் இருளப்பன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

அந்தச் சபையில்தான் கண்மாய்க்கு நடுவிலிருந்த மரங்கள் நடக்கிறவர்களுக்கு என்று முடிவானது. நிற்கிறவர்களுக்கு மடைப்பக்கத்து மரங்கள். கூடவே பெயர்களும் வந்தன. உண்ணி தின்பவர்கள் உண்ணிக்கொக்கு ஆனார்கள். மடையில் நிற்பவர்கள் மடையான் ஆனார்கள். மடையான் என்பதைக் கொஞ்சம் குறுக்கிச் சொன்னால் மடையன் என்று கேட்கும். குஞ்சுகள் அப்படித்தான் சொல்லின.

மடைப்பக்கத்து மரங்கள் தரையில் நின்றவை. சுற்றிலும் தண்ணீர் இல்லாததால் மரநாய் சுலபமாக ஏறியது. அடுத்த வருஷம் எண்ணியபோது மடையான்களின் பத்துக் கூட்டுக்கு ஏழு குஞ்சுதான் இருந்தது.

"நான் சொன்னது சரியாப் போச்சு" என்றார் கோரையப்பன். அதில் அவருக்கு வருத்தமும் இருந்தது.

சேறும் கழுவிப் போகவில்லை. எத்தனை முழுக்குப் போட்டாலும் நிறம் அப்படியே நின்றது. புதிதாகப் பொரித்த குஞ்சுகளும் சேற்று நிறக் கோடுகளோடே வளர்ந்தன. மடை நிழலில் நின்றால் அவை இருப்பதே தெரியவில்லை. மீனுக்குத் தெரியாதது நல்லதுதான். மற்றவர்களுக்கும் தெரியாமல் போனது.

ஐந்தாவது வருஷம் மழை பொய்த்தது. கண்மாய்த் தண்ணீர் பாதியாக இறங்கியது. அந்தக் கோடையில் ஒரு நாள் எருமைகள் மடைப்பள்ளத்தில் தண்ணீர் குடிக்கப் போனபோது, சங்காயியும் கூடப் போனாள். இருளப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அவனுடைய கூட்டில் அன்று காலையில் இருந்த ஒரே குஞ்சையும் மரநாய் தூக்கிப் போயிருந்தது. அவன் பெண்சாதி காலிக் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து, குச்சிகளைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

சங்காயி அவன் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணே, நீங்களும் எங்களை மாதிரி மாட்டுப் பின்னால நடந்தா என்ன?" என்று கேட்டாள்.

"நடந்து பார்த்தேன் தாயி. முட்ட வருது."

சங்காயி பக்கத்தில் நின்ற எருமையைப் பார்த்தாள். "நெசமா?"

எருமை தண்ணீரிலிருந்து முகத்தை எடுத்தது. "ஆமா. உன் பாட்டனே என் பாட்டன் முதுகுல உக்காந்து திரிஞ்சவரு. நீ பக்கத்துல வந்தா எனக்கு ஈ வந்த மாதிரிகூடத் தெரியாது. இவுக யாரு, எனக்கென்ன தெரியும்? கண்ணுக்குப் பக்கத்துல அலகை நீட்டினா முட்டாம என்ன செய்ய?"

அது மறுபடி குடிக்கத் தொடங்கியது. நடப்பது தங்கள் உழைப்பு என்றே சங்காயி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். உழைப்புதான். ஆனால் நடக்க விட்டது எருமை.

"நீங்க ஏன் அண்ணே சபையில எதுவும் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? அவரு இருக்கிற குஞ்சை எண்ணுனாரு, கணக்குச் சரியாத்தான் இருந்துச்சு. வர்ற வழியில எங்களுக்குப் போனதை எண்ணணும்னு அவருக்குத் தோணல. எனக்கும் சொல்லத் தோணல."

சங்காயி நேராகக் கோரையப்பனிடம் போய் எருமை சொன்னதைச் சொன்னாள். மரநாயைப் பற்றியும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீ சொல்றது வாஸ்தவமா இருக்கலாம். ஆனா எருமைக்கு யார் மேல பழக்கம்னு நான் எப்படி எண்ண முடியும்? குஞ்சை எண்ணலாம். அதைத்தான் எண்ணுறேன்." பிறகு கண்மாயைக் காட்டினார். "தண்ணி கிடக்கிற கிடையைப் பாரு. எல்லாருக்கும் பத்தாது. எட்டு நாள்ல கடைசியா ஒரு தடவை எண்ணப் போறேன். எந்தக் கூட்டத்துக்குக் குஞ்சு குறைவோ, அந்தக் கூட்டம் வேற ஊர் பார்க்கணும். வளர்க்கத் தெரிஞ்சவங்க இருக்கட்டும். உனக்கென்ன, நீ கவலைப்படாதே."

வெளியே எங்கும் நிலம் வெடித்துக் கிடந்தது. அந்தக் கோடையில் கிளம்புகிறவர்கள் அடுத்த தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள் என்பது சங்காயிக்கும் தெரியும், கோரையப்பனுக்கும் தெரியும்.

அவள் தன் கூட்டத்தைக் கூட்டினாள். நடு மரங்களில் மடையான்களுக்கும் கிளை கொடுப்போம், எண்ண முடியாதபடி கலந்து உட்காருவோம் என்றாள். முதலில் எதிர்த்தது அவள் மகள் வெள்ளத்தாய்.

"நல்ல பேரை நாமளே கெடுத்துக்கிடணுமா? அவங்களோட சேர்ந்து நின்னா நம்மளையும் மடைக்கு அனுப்பிருவாங்கம்மா. எனக்குக் கூட்டுல மூணு குஞ்சு இருக்கு."

"உன் சின்னம்மா கூட்டுல எத்தனை இருக்கு?" என்று சங்காயி கேட்டாள்.

சங்காயியின் தங்கை கூட்டில் ஒரு குஞ்சுதான். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த வருஷம் அவங்களையும் நம்மளையும் எண்ணுறாங்க. அவங்க போனப்புறம் எண்றதை நிறுத்திருவாங்களா? அடுத்த பஞ்சத்துல நமக்குள்ளயே எண்ணுவாங்க. அப்ப உன் சின்னம்மா எந்தப் பக்கம், நீ எந்தப் பக்கம்?"

வெள்ளத்தாய் பறந்து போய்விட்டாள். கூட்டம் எந்த முடிவும் எடுக்காமல் கலைந்தது.

எட்டாம் நாள் காலையில் சங்காயி தனியாகத்தான் கரைக்குப் போனாள். அங்கே செம்மண் படுகை ஒன்று ஈரமாக இருந்தது. அவள் தலையை அதில் அழுத்தினாள். கழுத்தைத் தேய்த்தாள். புரண்டு முதுகிலும் அப்பிக்கொண்டாள். எழுந்தபோது வெள்ளைக் கொக்காகவும் இல்லை, மடையானாகவும் இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை அடுத்து இறங்கினாள். பிறகு குஞ்சு குறைந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் இறங்கினார்கள். தன் சம்பந்தி இறங்கியதைப் பார்த்துவிட்டு, வெள்ளத்தாயும் கடைசியில் வந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் மண்ணில் தலையை வைத்தாள்.

சங்காயி மடைக்குப் பறந்து போனாள். "அண்ணே, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. இருக்கிற குஞ்சையும் முட்டையையும் தூக்கிக்கிட்டு வாங்க. சீக்கிரம்."

இருளப்பன் அவள் தலையைப் பார்த்தான். உடனே தன் ஆட்களைக் கூப்பிடப் பறந்தான்.

கோரையப்பன் நடு மரங்களுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கிளைக்குக் கிளை கூடு. கூட்டுக்குக் கூடு மண்ணும் சேறும் கலந்து, மேற்கத்தி எது, கிழக்கத்தி எது என்று பிரிக்க முடியவில்லை. குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. எது யாருடையது என்று தாய்களுக்கே சந்தேகம் வரும் போலிருந்தது. அவர் ஒரு மரத்தை மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது.

"கிழக்கத்திகள் யாரு? சிறகைத் தூக்குங்க" என்றார்.

இருளப்பன் சிறகை விரித்தான். சங்காயி விரித்தாள். பிறகு மரத்திலிருந்த எல்லாக் கொக்கும் விரித்தன. உள்ளே ஒரே வெள்ளையாக இருந்தது. காற்றில் கிளைகள் ஆடின.

கோரையப்பன் மரத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு சிறகாகப் பார்த்தார். ஏமாற்றிவிட்டதாகக் கோபப்பட்டாரா, இல்லை வேறு ஏதாவது நினைத்தாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கேட்க வந்த கேள்வியைக் கேட்க முடியாமல் போய்விட்டது. கடைசியில், "எல்லாரும் இருக்கட்டும். மழை வர்ற வரைக்கும் தண்ணியை அளந்து குடிங்க" என்று சொல்லிவிட்டுக் கோரைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கொக்குகளை எண்ணவில்லை.

அந்த வருஷம் யாருக்கும் நல்ல வருஷம் இல்லை. மீனும் வெட்டுக்கிளியும் போதவில்லை. வெள்ளத்தாயின் மூன்று குஞ்சுகளில் ஒன்று செத்தது. சில நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை. இருளப்பனின் பெண்சாதி நடு மரத்தில் மறுபடி முட்டையிட்டாள். அதில் இரண்டு பொரித்தன, ஒன்று பிழைத்தது. ஐப்பசியில் மழை வந்தபோது இரண்டு கூட்டத்திலும் இழப்பு இருந்தது. ஆனால் வெளியேறியவர் என்று யாரும் இல்லை.

எருமை மட்டும் கடைசி வரை மடையானைப் பக்கத்தில் விடவில்லை. சங்காயி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். பழக்கமில்லை என்று சொல்லிவிட்டது. அதனால் மடையான் இன்றும் தண்ணீரோரத்தில்தான் நிற்கிறது.

உண்ணிக்கொக்கு மற்ற மாதங்களில் வெள்ளையாக இருந்தாலும், கூடு கட்டும் காலம் வந்தால் அதன் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் செம்மண் நிறம் ஏறிவிடுவதும், அது மடையானோடு ஒரே மரத்தில் கூடு வைப்பதும் அந்தப் பஞ்சக் கோடையில் தொடங்கிய வழக்கம்தான். சேற்றோடு சேறாக நிற்கும் மடையான், நாம் கிட்டே போனதும் திடுக்கென்று எழுந்து முழு வெள்ளையாகப் பறந்து போவதும் அப்போதிருந்துதான்.