நானூற்றுப் பன்னிரண்டாம் அடி

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு இருபத்தொன்பது. இது முறையா என்று கேட்பவர்கள் அர்த்தநாரியிடமே கேட்டுப் பார்க்கலாம். கேட்ட ஒவ்வொருவரும் லினக்ஸின் பெருமையை அரைமணி நேரம் கேட்டுவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அர்த்தநாரியின் தொழில், போர்க் கிணற்றுக்குள் கேமரா இறக்கிப் பார்ப்பது. விளக்குக் கட்டிய கேமரா கேபிளில் இறங்கும். எத்தனை அடி இறங்கியது என்று படத்தின் மூலையில் எண் ஓடும். எல்லாம் ஒரு மெமரி கார்டில் பதிவாகும். அதை வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காகப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினார். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தவள் சிவரஞ்சனி. அன்றிலிருந்து எட்டு மாதமாக ஞாயிறுதோறும் அவளிடம் பாடம். கற்ற கமாண்டுகளை எல்லாம் எழுதிய நீள நோட்டு ஒன்று எந்நேரமும் அவர் அக்குளில் இருக்கும்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் பாடம் நடக்கவில்லை. சிவரஞ்சனியின் ஊரான கருக்கன்காட்டுப்புதூரில், ஊர்ப் பொதுவுக்கு மூன்றாவது போர் போட்டிருந்தார்கள். முதல் இரண்டிலும் தண்ணீர் இல்லை. இதிலும் ஐந்நூற்று நாற்பது அடி ஓட்டியாகிவிட்டது, மேலே வந்தது வெறும் பாறைத்தூள் புகைதான். நாற்பது வீட்டுக்காரர்களும் வேப்பமரத்தடியில் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"பதினோரு மணிக்கு வண்டியை எடுக்கறனுங்க," என்றார் போர் போடும் ரிக் லாரிக்காரர் மாணிக்கவேல். "நாளைக்கு ராய்ச்சூர்ல நிக்கோணும். திரும்பி வர மூணு மாசமாகும்."

அர்த்தநாரி மட்டும் உட்காரவில்லை. அவர் ஒன்றைப் பார்த்துவிட்டார்.

கேமரா நானூற்றுப் பன்னிரண்டாம் அடியைத் தாண்டும்போது, பாறை ஓரத்தில் ஏதோ மினுங்கியது. கேமராவோடு வந்த குட்டித் திரை போன வாரமே பாதி கறுத்துவிட்டது. மீதிப் பாதியில், கண் கூசுகிற வெயிலில், ஒரு நொடி. ஆனாலும் பார்த்தார். ஈரம்! பாறை வெடிப்பைச் சேறு அடைத்துக்கொண்டிருக்கிறது. கம்ப்ரசர் காற்றால் அந்த இடத்தில் ஊதினால் ஊற்றுத் திறந்துகொள்ளும். அதற்கு ராடு என்கிற இரும்புக் குழாய்களை மறுபடி இறக்க வேண்டும், ரிக் வண்டி நிற்க வேண்டும்.

"தண்ணி இருக்குதுங்க!" என்று கூவினார்.

"காட்டுங்க, நிக்கறேன்," என்றார் மாணிக்கவேல். நியாயமான மனிதர். "கண்ணுல பாத்தா ராய்ச்சூர்க்காரனுக்கு நானே போன் பண்ணிச் சமாதானம் சொல்றேன். நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு ராடு இறக்க முடியாதுங்க."

குட்டித் திரை அதற்குள் முழுக்கக் கறுத்துவிட்டது; காட்ட வேண்டியது கார்டில் இருந்தது. கார்டு அர்த்தநாரியின் சட்டைப் பையில், கைக்குட்டைக்குள் இருந்தது. போனில் நுழையாத பெரிய கார்டு. வழக்கமாக வயரில் மாட்டிப் படிக்கிற ரீடர், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளித் திருச்செங்கோட்டில், வீட்டு மேசையில். அதனாலென்ன, மடிக்கணினியின் விலாவிலேயே கார்டு ரீடர் ஒன்று உண்டே. இதுவரை அதைப் பயன்படுத்தியதில்லை, அவ்வளவுதான். டீசல் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் மடிக்கணினியை வைத்தார். நோட்டை விரித்தார். ஊரே பார்க்கிறது. குருவின் பெயரைக் காப்பாற்றும் நாள் வந்துவிட்டது என்று அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பத்தே முக்கால் ஆகும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரீடரைக் காணவில்லை. அப்படி ஒரு பொருளே இல்லை என்று மடிக்கணினி சாதித்தது.

"பாவாயி, ஓடு! குருவைக் கூட்டிக்கிட்டு வா!"

பாவாயி ஓடினாள். இந்தப் போருக்காக வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள் அவள்தான்.

சிவரஞ்சனி வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. இரண்டு கையிலும் முழங்கை வரை இட்லி மாவோடு ஓடி வந்தாள்.

"என்னாச்சு பெரியப்பா?"

"குருவே, ரீடரைக் காணோமுங்க."

"குருவேன்னு கூப்பிடாதீங்க. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டுங்க. ரீடரைக் காணோமுங்க!"

"என்னென்ன பாத்தீங்க?"

அர்த்தநாரி நோட்டில் விரல் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் ஒப்பித்தார். கணினியில் உள்ள கருவிகளின் யூ.எஸ்.பி. பட்டியலில் தேடியாயிற்று. பி.சி.ஐ. பட்டியலில் தேடியாயிற்று. ரீடரை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கி மறுபடி ஏற்றியாயிற்று. மூன்று தடவை அணைத்துப் போட்டாயிற்று.

"எல்லாத்துக்கும் முன்னால மறக்காம சூடோ போட்டனுங்க," என்று, கணினியிடம் முழு அதிகாரம் வாங்கும் கமாண்டைச் சொல்லி முடித்தார். எல்லாச் சாமிக்கும் சூடம் ஏற்றியும் ஒரு சாமியும் கண் திறக்கவில்லையே என்கிற குரல் அது.

சிவரஞ்சனி திரையைப் பார்க்கவில்லை. குனிந்து மடிக்கணினியின் விலாவைப் பார்த்தாள். கார்டு போடுகிற சின்ன வாயில், தூசி போகாமலிருக்கக் கம்பெனியே வைத்த பிளாஸ்டிக் துண்டு அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் தூசி படிந்திருந்தது.

"கார்டு எங்க?"

அர்த்தநாரி சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "பத்திரமா இருக்குதுங்க."

"போட்டுப் பாத்தீங்களா?"

"அதெப்படிங்க? ரீடர் இருக்குதுன்னு தெரியாம கார்டை எப்படிங்க உள்ள விடறது?"

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது சரியாகத்தான் பட்டது. அர்த்தநாரிக்கு அது தொழில் தர்மம். ஒன்பது வருடத்துக்கு முன்னால், மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு போரில் அவசரப்பட்டுக் கேமராவை இறக்கிவிட்டார். முந்நூறாவது அடியில் சரிந்து கிடந்த பாறையில் மாட்டிக்கொண்டது. வரவே இல்லை. இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அன்றிலிருந்து, முதலில் கயிற்றில் இரும்புக் குண்டு இறக்கிப் பார்ப்பார். குண்டு தடையில்லாமல் போய் வந்தால்தான் கேமரா இறங்கும். இந்த ஒழுங்கால் அதன்பிறகு ஒரு கேமராகூடப் போனதில்லை.

"குண்டு எறங்காத குழியில நான் கேமரா எறக்கறதில்லீங்க," என்றார் அழுத்தமாக. "இருக்கறது ஒரே கார்டு. உள்ள போயி மாட்டிக்கிச்சுன்னா? இந்த ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் முயற்சி எதுவும் செய்யவில்லை.

லாரி ஒருமுறை ஹாரன் அடித்தது. "பத்து நிமிசமுங்க!"

சிவரஞ்சனி அவசரப்படவில்லை. "பெரியப்பா, எங்கூருக்குத் தண்ணி டிராக்டர் வருதில்ல?"

"குருவே, பத்தே நிமிசந்தான் இருக்குது. இப்ப டிராக்டர் எதுக்குங்க?"

"சித்த கேளுங்க. டிரைவரு ரோட்டு வளைவுல இருந்தே பாப்பாரு. ரோட்டோரம் குடம் வரிசையா இருந்தா உள்ள திரும்புவாரு. இல்லீன்னா நேராப் போயிருவாரு. போன மாசம் ரெண்டு குடத்தை எவனோ தூக்கிக்கிட்டுப் போயிட்டான்."

"எம்பட குடந்தான் ஒண்ணு," என்றாள் பாவாயி. "பித்தளை."

"ஊரே கூடி ஒரு முடிவு பண்ணுச்சு. இனிமே குடத்தை வீட்டுக்குள்ளயே வெச்சிருக்கோணும். டிராக்டர் உள்ள வந்ததுக்கப்பறம் வெளிய எடுத்தாப் போதும்."

"நல்ல ரோசனைதானுங்களே," என்றார் அர்த்தநாரி.

"அப்படித்தான் நாங்களும் நெனச்சோம். மூணு நாளு காத்திருந்தோம்."

அர்த்தநாரி லாரியை மறந்தார். வளைவில் வந்து நின்று, குடமில்லாத ரோட்டைப் பார்த்துவிட்டு நேராகப் போகிற டிராக்டர் அவர் கண்ணில் தெரிந்தது. மெதுவாகத் திரும்பி மடிக்கணினியின் விலாவைப் பார்த்தார்.

"குருவே... கார்டு இல்லீன்னா ரீடர் தூங்கிருமுங்களா?"

"சில லேப்டாப்புல கரண்டை மிச்சம் பண்றதுக்காகத் தூங்கிரும். லிஸ்டுலகூடப் பேரு வராது."

"இதுலயுங்களா?"

"இருக்கலாம்."

அர்த்தநாரி சட்டைப் பையில் கைவிட்டார். கைக்குட்டையை அவிழ்த்துக் கார்டை நீட்டினார். "நீங்களே போடுங்க. எனக்குத் தைரியம் வரலீங்க."

"எங்கையில மாவு."

பாவாயி ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சிவரஞ்சனி தலையை ஆட்டினாள். "குடிக்கற தண்ணி, அக்கா. உள்ள வைங்க." பிறகு சீடரிடம் திரும்பினாள். "உள்ள நடக்கறதை எல்லாம் லினக்ஸோட மூளை, அந்தக் கர்னல், வரி வரியா எழுதுமில்ல, அதைத் திரையில ஓட விடுங்க. வேற ஒண்ணும் டைப் பண்ணாதீங்க."

"சூடோகூட வேண்டாமுங்களா?"

"அதைத் திறக்கறதுக்கு மட்டும் போட்டுக்கங்க."

திறந்தார். கறுப்புத் திரையில் பழைய வரிகள் ஓடி வந்து நின்றன. அடியில் ஒரு வெள்ளைக் கட்டம் மினுக் மினுக்கென்று காத்திருந்தது. பிளாஸ்டிக் துண்டை நகத்தால் அழுத்தினார். அது துள்ளி வெளியே வந்தது. கார்டை ரீடரின் வாயில் வைத்தார். மல்லசமுத்திரத்துக் கேமரா நினைவுக்கு வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தள்ளினார். 'டக்' என்று ஒரு சத்தம்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு விநாடி. இரண்டு விநாடி. வேப்பமரத்தடியில் நாற்பது வீடும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. லாரி எஞ்சின் மட்டும் உறுமியது.

"ஐயோ, எழுதுதுங்க!" என்று அலறினாள் பாவாயி. அவளுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் புதிதாக வந்த வரி புதியதுதானே.

அர்த்தநாரி கண்ணைத் திறந்தார். ஒரு வரி. அதன் கீழே இன்னொன்று. கடகடவென்று ஐந்தாறு வரிகள். ரீடர் பெயரோடும் ஊரோடும் எழுந்து உட்கார்ந்துவிட்டது! கார்டின் கொள்ளளவு வந்தது. திரையின் மூலையில் கார்டின் படம் முளைத்தது.

"முழிச்சுக்கிச்சு! முழிச்சுக்கிச்சு குருவே!" ஐம்பத்தெட்டு வயது மனிதர் டிரம்மைச் சுற்றி ஒரு சுற்று ஆடிவிட்டு வந்தார். பிறகுதான் படத்தைத் திறக்க வேண்டும் என்ற நினைவே வந்தது.

மாணிக்கவேல் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். முந்நூற்றுத் தொண்ணூறு. நானூறு. நானூற்றுப் பத்து. இருட்டுப் பாறையில் விளக்கு வெளிச்சம் வழுக்கிக்கொண்டே போனது. நானூற்றுப் பன்னிரண்டில் அர்த்தநாரி படத்தை நிறுத்தினார்.

விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. முழுக்கச் சேறு. அந்தச் சேற்றின் ஓரத்தில் ஒரு கோடாக நீர், வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.

மாணிக்கவேல் திரையருகே குனிந்தார். படத்தை முன்னும் பின்னும் இரண்டு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு லாரிப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏய்! ராடு எறக்குங்கடா!"

இருபத்தோரு ராடு இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கம்ப்ரசர் ஊதியது. முதலில் புகை. ஊர் முகம் சுருங்கியது. பிறகு புகை கனத்துச் சேறாகத் துப்பியது. அர்த்தநாரி கையைக் கோத்துக்கொண்டு நின்றார். சேறு இளகியது, பழுப்பானது, பிறகு ஒரே மூச்சில் வேப்பமர உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது!

பெண்கள் குலவையிட்டார்கள். பாவாயி அழுதுகொண்டே நனைந்தாள். மாணிக்கவேல் காதில் போனை வைத்து ராய்ச்சூருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே நனைந்தார். சிவரஞ்சனி இரண்டு கையையும் தண்ணீருக்கடியில் நீட்டி, காய்ந்துபோன மாவை ஆற அமரத் தேய்த்துக் கழுவினாள்.

அர்த்தநாரி தொப்பலாக நனைந்து அவளருகே வந்தார். இதை எழுதிவைத்தே ஆக வேண்டும் என்று நோட்டைப் பிரித்தார். மை எல்லாம் கரைந்து பக்கங்கள் நீலமாகியிருந்தன. அதைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் அவர் இல்லை.

"குருவே, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"ரீடர் உள்ள தூங்கிக்கிட்டுத்தான் இருக்குதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க பெரியப்பா. ரீடர் செத்துப் போயிருந்தாலும் லிஸ்டுல பேரு இல்லாமத்தான் இருக்கும்."

அர்த்தநாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியாமலா போடச் சொன்னீங்க? அப்ப எந்தத் தைரியத்துலங்க?"

சிவரஞ்சனி கையை உதறிவிட்டுப் பாவாயியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ரோட்டோரம் குடம் வெச்ச அன்னிக்கெல்லாம் டிராக்டர் வந்துருச்சா?"

"எங்க கண்ணு? பாதி நாளு அந்த வளைவுக்கே வராது."

சிவரஞ்சனி சீடரைப் பார்த்தாள்.

"வராட்டியும், அடுத்த நாளு காலைல யாரும் குடம் வெக்காம இருந்ததில்லீங்க, பெரியப்பா."