வால் நிமிர்ந்த சுட்டி

அந்தக் காலத்தில் ஆடும் மாடும் மனிதரோடு மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தன. வெள்ளாட்டுக்கு அப்போது வால் தொங்கித்தான் கிடந்தது. சாணியும் மாட்டுச் சாணிபோலத் தொப்பென்று ஒரே குவியலாக விழும். நம்பாதவர்கள் அன்றைய ஆட்டைப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

செங்காட்டுப்பட்டியில் கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் ஆடுகள் மேய்ந்து தீர்த்துவிட்டன. பிடித்துவைக்க வேர் இல்லாத மண்ணில் பாதியைக் காற்று கொண்டுபோனது, மீதியை மழை சுருட்டிக்கொண்டு ஓடியது. கண்மாய்க் கரையில் ஒரே ஒரு கருவேலமரம்தான் மிச்சம். அதன் விதையை ஊரார் மூன்று வருஷம் விதைத்தார்கள். கல்லாட்டம் கிடந்ததே தவிர முளைக்கவில்லை.

ஆடுகளை மலைக்கு அப்பால் விரட்டிவிடச் சொன்னார் ஊர்த்தலைவர் மாசானம். அப்பால் ஓநாய்க்காடு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள பெட்டையாடு சுட்டிக்கோ இரண்டு பால்குடிக் குட்டிகள். அது நேரே அவரிடம் போய் நின்றது.

“தின்றது நாங்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு மழைவரைக்கும் பொறுங்கள். கெடுத்த வாயாலேயே திருப்பித் தருகிறேன்.”

“வாயாலா?”

“வாயில் ஆரம்பிக்கும். மீதியைக் கேட்காதீர்கள்.”

சுட்டி ஒரு சங்கதி பார்த்து வைத்திருந்தது. கருவேலங்காய் காய்ந்த நெற்றைத் தின்றால் வயிற்றில் ஊறி வரும் விதை முளைக்கிறது. ஆனால் ஒரே குவியலில் நூறும் நெருக்கியடித்துச் செத்துப்போகின்றன.

மரத்து நெற்றையெல்லாம் தின்றது. பிறகு அடக்கிக்கொண்டது. இரண்டு நாள். வயிறு பானையானது, மாடுகள் சிரித்தன. மூன்றாம் நாள் மேகம் கறுத்ததும் பொட்டல் முழுக்க நடந்தது. குளம்பை அழுத்தி ஒரு குழி, வாலை வானத்துக்குத் தூக்கி ஒரே ஒரு உருண்டை. அடுத்த அடி, அடுத்த உருண்டை.

மழை கொட்டியது. வழக்கமாக ஓடுகிற தண்ணீர் குளம்புக்குழிகளில் உட்கார்ந்துகொண்டது. எட்டாம் நாள் பொட்டல் எங்கும் இரண்டிரண்டு இலை. முள் முற்றும்வரை ஒரு ஆட்டையும் சுட்டி அதில் வாய்வைக்க விடவில்லை.

மாசானம் கருவேலங்கன்றுகளை எண்ணப் போய், பாதியில் விட்டுவிட்டு வந்தார்.

“இருங்கள், எங்கும் போகவேண்டாம்” என்றார். “வேலைதான் முடிந்ததே, வாலை இறக்கேன், ஆத்தா.”

“எதற்கு இறக்க வேண்டும்?” என்றது சுட்டி.

அன்று முதல்தான் வெள்ளாட்டுக்குப் புழுக்கை உருண்டை உருண்டையாக விழுகிறது. வாலை மட்டும் யார் சொல்லியும் அது இறக்குவதில்லை.